விமான மெக்கானிக் ஆக என்ன வேண்டும்? களுவாஞ்சிகுடி அண்ணனுக்கு ஒரு பதில்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். மகன் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். வீட்டு வாட்டர் பம்ப்பும் சித்தப்பாவின் போட் எஞ்சினும் அவன் கையால்தான் ஓடுகின்றன. விமான மெக்கானிக் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கொழும்பில் ஒரு இடத்தில் இரண்டு வருட டிப்ளோமா, முடித்த கையோடு வெளிநாட்டில் வேலை என்கிறார்கள். காணியை ஈடு வைத்துக் காசு கட்டலாமா? அந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் அண்ணன். அது விளங்கினால் காணிக் கதைக்கு நீங்களே முடிவு சொல்லிவிடுவீர்கள்.

நான் கல்லடிக்காரன். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன்; பாதி கட்டுநாயக்கவில், பாதி வளைகுடாவில். எனக்கும் ஆரம்பம் போட் எஞ்சின்தான். எங்கள் மாமா ஒரு சின்னப் பட்டறையில் மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் திருத்துவார். பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்பேன். மாமா நட்டு இறுக்கும்போது ஸ்பனரைப் பார்க்கமாட்டார், கடலைப் பார்ப்பார். "கைக்குத் தெரியும்டா" என்பார். பூட்டி முடித்த பிறகு இரண்டு நட்டு மிஞ்சினால், "கொம்பனிக்காரன் கூடப் போட்டிட்டான்" என்று சிரித்துவிட்டுப் பழைய பால்மா டின்னுக்குள் போடுவார். எஞ்சின் ஓடும். ஓடாவிட்டாலும் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே.

விமானத்துக்குள் போனதும் என்னிடமிருந்து முதலில் பறித்தது அந்த "கைக்குத் தெரியும்" என்பதைத்தான். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது கைக்குத் தெரியக்கூடாது, புத்தகத்துக்குத்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் பராமரிப்புக் கையேட்டில் ஒரு அத்தியாய இலக்கம் உண்டு. 24 மின்சாரம், 29 ஹைட்ரோலிக், 32 சில்லும் அதன் கால்களும். ஏர்பஸ் என்றாலும் போயிங் என்றாலும் அதே இலக்கம்தான். நூறு தடவை மாற்றிய சில்லாக இருந்தாலும் நூற்றியோராவது தடவையும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துத்தான் மாற்ற வேண்டும். போன கிழமை அந்தப் பக்கத்தில் ஒரு அளவை மாற்றியிருக்கலாம். இறுக்குகிற டோர்க் ஸ்பனரில்கூட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; அதன் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டிய திகதி அதில் இருக்கும், அது கடந்திருந்தால் அந்தச் சாமானைத் தொடவே கூடாது.

சரி, ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம் வந்து நிற்கிறது என்று வையுங்கள். ஐம்பது நிமிடத்தில் திரும்பிப் போக வேண்டும். எஞ்சின் நின்று சிவப்பு விளக்கு அணைந்ததும் நாங்கள் மூக்கிலிருந்து தொடங்கி ஒரு சுற்று நடப்போம். கோயிலைச் சுற்றுவது மாதிரி, எப்போதும் ஒரே திசையில், ஒரே ஒழுங்கில். பாதியில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் மறந்துபோகும் என்பதற்காக. முன்னால் இரண்டு சில்லு, பின்னால் நான்கு. டயரில் வெட்டு இருக்கிறதா, தேய்வு எவ்வளவு என்று பார்ப்போம். உள்ளே இருப்பது சாதாரணக் காற்று இல்லை, நைட்ரஜன். காரின் டயரில் முப்பது சொச்சம் அழுத்தம் என்றால் இதில் ஏறத்தாழ இருநூறு. பிரேக் சூடேறி நெருப்பாக நிற்கும்போது உள்ளே ஒட்சிசன் இருந்தால் வெடிப்பதற்கு அது கைகொடுக்கும், ஈரம் இருந்தால் மேலே போனதும் உறையும், அதனால்தான் நைட்ரஜன். பிரேக்கில் ஒரு சின்ன ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். விளிம்போடு சமமாகிவிட்டால் அந்த பிரேக்குக்கு ஆயுள் முடிந்தது.

அப்புறம் எஞ்சின். முன்பக்க விசிறித் தகடுகளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு போவோம். ஒரு பறவை மோதியிருந்தால் இரத்தக் கறையோ இறகோ, சில நேரம் நகக்கண் அளவு ஒரு நெளிவோ இருக்கும். அந்த நெளிவை அளக்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீற்றர் வரைக்கும் பறக்கலாம் என்று புத்தகம் சொல்லும். கீழே எங்காவது எண்ணெய் சொட்டுகிறதா? சொட்டினால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? சிரிக்க வேண்டாம், சொட்டை எண்ணி, கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டு விமானம் அனுப்பிய இரவுகள் எனக்கு உண்டு.

பிறகு மேலே ஏறி விமானியின் கோளாறுப் புத்தகத்தைப் பார்ப்போம். அவர் ஏதாவது எழுதியிருந்தால் திருத்த வேண்டும். திருத்த நேரமோ சாமானோ இல்லையென்றால், எது இல்லாமலும் பறக்கலாம் என்று ஒரு அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோளாறுக்கும் தவணை உண்டு: பி வகை 3 நாள், சி வகை 10 நாள், டி வகை 120 நாள். ஏ வகைக்கு அந்த இடத்திலேயே தனியாகத் தவணை எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாத, பாதுகாப்பைத் தொடுகிற சாமான் பழுதென்றால் விமானம் நிற்கும். உள்ளே 170 பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, கீழே நிலைய முகாமையாளர் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருக்க, "இது போகாது" என்று சொல்கிற ஆள்தான் மெக்கானிக். இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த பகுதி அதுதான். எஞ்சின் கழற்றுவது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஹங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள் நடப்பது வேறு உலகம். சில மாதத்துக்கு ஒருமுறை ஏ செக் என்கிற சின்னப் பரிசோதனை, ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைவிடப் பெரிய சி செக். ஆறு முதல் பன்னிரண்டு வருடத்துக்குள் வரும் பெரிய செக்கில் விமானத்தை ஏறத்தாழ எலும்புக்கூடாக்கிவிடுவோம். ஆசனம், தரைப்பலகை, உள்சுவர் எல்லாம் வெளியே. ஒருவர் சிறகுக்குள் இருக்கும் எரிபொருள் தாங்கிக்குள் முகமூடி போட்டு ஊர்ந்து போவார், வெளியே இன்னொருவர் காவல் நிற்பார். ஹைட்ரோலிக் எண்ணெய் ஊதா நிறம். பார்க்க அழகாக இருக்கும், கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் கொச்சிக்காய் அரைத்த கையால் கசக்கியது மாதிரித்தான். இரவு வேலை, நோன்புப் பெருநாள், பொங்கல் எதுவும் பார்க்காது. இதையும் மகனிடம் சொல்லுங்கள்.

சாமான் கணக்கைப் பற்றி ஒன்று. ஆயுதப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பனருக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஒரு குழி வெறுமையாக இருந்தால் விமானம் வெளியே போகாது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு இரவு பத்து மில்லிமீற்றர் சொக்கெட் ஒன்றைக் காணவில்லை. அரை விரல் நீளம்கூட இல்லை. எஞ்சின் மூடியை மறுபடி திறந்து, டோர்ச் அடித்து, வளைகண்ணாடி விட்டு, விடியும் வரைக்கும் தேடினோம். காலை நாலரைக்கு அது என்னுடைய மேலங்கி மடிப்புக்குள்ளிருந்து விழுந்தது. மேற்பார்வையாளர் ஏசவில்லை. தேடியதை எழுது, கண்டெடுத்ததை எழுது, கையெழுத்துப் போடு என்றார். மாமாவின் பால்மா டின்தான் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விமானத்தில் செய்கிற எந்த வேலையும் கையெழுத்து விழும்வரைக்கும் முடிந்த வேலை இல்லை. "இந்த வேலை விதிப்படி செய்யப்பட்டது, விமானம் சேவைக்குத் தயார்" என்று ஒருவர் தன் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்பனர் பிடிக்கப் பலருக்கும் முடியும். அந்தக் கையெழுத்தைப் போடச் சிலருக்குத்தான் முடியும். சம்பளத்தில் உள்ள பெரிய இடைவெளியும் அங்கேதான். வெளியே எல்லோரையும் மெக்கானிக் என்பார்கள். உள்ளே, கையெழுத்து இல்லாதவர் டெக்னீசியன், இருப்பவர் அனுமதிபெற்ற பராமரிப்புப் பொறியியலாளர்.

அந்தக் கையெழுத்தின் பாரம் என்ன என்பதற்கு நாங்கள் வகுப்பில் படிக்கிற ஒரு கதை. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்படுகிறது. 17,000 அடிக்கு மேலே போனபோது விமானிக்கு முன்னாலிருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானி பாதி உடம்பு வெளியே. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை, தலைமை விமானியும் பிழைத்தார். காரணம் என்ன? ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு முன், இரவு வேலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்து, அதைப் போலவே இருந்த புதியதை எடுத்தார். பாகப் பட்டியலைப் பார்த்து இலக்கத்தைச் சரிபார்க்கவில்லை. 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அவர் சோம்பேறி இல்லை, ஆள் குறைந்த இரவில் விமானத்தை நேரத்துக்கு அனுப்ப ஓடியவர். நல்ல மெக்கானிக். "கைக்குத் தெரியும்" என்ற எங்கள் மாமா ஜாதி.

இதனால்தான் பாடத்திட்டத்தில் மனிதக் காரணிகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. களைப்பு, அவசரம், அலட்சியமான பழக்கம், வாய் திறந்து மறுக்கத் தயங்குவது என்று 12 காரணங்களைக் கனடாவின் கோர்டன் டுபோண்ட் 1993 இல் தொகுத்தார். உலகத்து ஹங்கர்களின் சுவரெல்லாம் அந்தப் பன்னிரண்டும்தான் ஒட்டியிருக்கும்.

இப்போது தகுதி. இலங்கையில் இந்த அனுமதிப்பத்திரத்தைக் கொடுப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. வகைகள் ஐரோப்பாவின் பார்ட் 66 என்கிற விதியை ஒட்டியவை, அதனால் அதை வைத்தே சொல்கிறேன். ஏ வகை என்றால் சில்லு மாற்றுவது போன்ற, குறித்துக் கொடுத்த சின்ன வேலைகளுக்கு மட்டும், அதுவும் தானே செய்த வேலைக்கு மட்டும் கையெழுத்துப் போடலாம். பி1 என்றால் எஞ்சின், உடல், ஹைட்ரோலிக், மின்சாரம். பி2 என்றால் ரேடியோ, ராடர், தன்னியக்கப் பறப்பு போன்ற மின்னணுச் சமாச்சாரம். சி வகை, ஹங்கரின் பெரிய செக் முடிந்து முழு விமானத்தையும் விடுவிப்பவருக்கு. பெரிய ஜெட்டில் எஞ்சின் வேலை பார்க்க ஆசைப்படுகிற உங்கள் மகனுக்குத் தேவை பி1 இல் ஜெட் எஞ்சின் விமானங்களுக்கான உட்பிரிவு, பி1.1. போட் எஞ்சின் பையன் என்றதுமே எனக்கு அது விளங்கியது.

விண்ணப்பிக்க 18 வயது போதும். ஆனால் பராமரிப்பு நிறுவனத்தில் கையெழுத்துப் போட 21 ஆக வேண்டும். பரீட்சை ஒன்றல்ல, பத்துக்கு மேல்: கணிதம், பௌதிகம், மின்சாரம், மின்னணு, உலோகங்களும் சாமான்களும், பராமரிப்பு முறைகள், காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், சட்டம், ஜெட் எஞ்சின், இன்னும் சில. ஒரு கேள்விக்கு மூன்று விடை, யோசிக்க 75 செக்கன், சித்தியடைய 75 வீதம். எங்கள் ஊரில் 75 என்றால் விசேட சித்தி. இங்கே அது கடைசி வரம்பு. பிழையான விடைக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். தோற்றால் சாதாரணமாக 90 நாள் பொறுத்துத்தான் அதே பாடத்தை மறுபடி எழுதலாம்.

பரீட்சை பாதிதான். மற்றப் பாதி அனுபவம், ஓடுகிற உண்மையான விமானத்தில். ஒரு பயிற்சியும் இல்லாமல் வந்தவருக்குப் பி1.1 க்கு 5 வருடம். வேறு தொழில்நுட்பத் துறையில் முறையாகப் பயின்றவருக்கு 3. பார்ட் 147 (பயிற்சிக் கல்லூரிகளுக்கான விதி) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுப் பாடநெறி முடித்தவருக்கு 2. அந்த முழுப் பாடநெறி 2,400 மணித்தியாலம், அதில் ஏறத்தாழப் பாதி பட்டறையிலும் விமானத்திலும்.

உங்கள் டிப்ளோமாக் கேள்வி இங்கேதான் வந்து உட்காருகிறது. அந்த இடம் பார்ட் 147 அங்கீகாரம் பெற்றதா? பெற்றது என்றால் எந்த வகைக்கு? ஏ க்கா, பி1.1 க்கா? அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள், திகதியையும் பாருங்கள், பிறகு அதிகார சபையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். "எங்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தொடர்பு உண்டு" என்றால், அது வேறு கதை. அனுமதிப்பத்திரத்துக்கு அது உதவாமல் போகலாம். அடுத்தது, அந்த இரண்டு வருட அனுபவத்தை எங்கே தருவார்கள் என்று கேளுங்கள். பராமரிப்பு நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லை "பார்த்துச் செய்வோம்" தானா? பரீட்சை எல்லாம் சித்தியடைந்துவிட்டு, தொட ஒரு விமானம் கிடைக்காமல் கடையில் போன் விற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். "முடித்த கையோடு வெளிநாட்டில் வேலை" என்று யாராவது சொன்னால், அனுபவம் இல்லாத பிள்ளையை அங்கே எந்தக் கையெழுத்துக்கு எடுக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். விமானப் பொறியியல் பட்டம் வேறு, இந்த அனுமதிப்பத்திரம் வேறு. பட்டதாரி விமானத்தை வடிவமைக்கவும் கணக்குப் பார்க்கவும் படித்தவர்; பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஒரு சில்லைக்கூட விடுவிக்க முடியாது. மகனுக்கு மொரட்டுவையோ ஒலுவில் பொறியியல் பீடமோ கிடைத்தால் போகட்டும், நல்ல விஷயம். ஆனால் அது இந்த வேலைக்குக் குறுக்குவழி இல்லை.

அனுமதிப்பத்திரம் கையில் வந்த பிறகும் ஒரு படி இருக்கிறது. அது மோட்டார் வாகன லைசென்ஸ் மாதிரி எல்லா வண்டிக்கும் செல்லாது. ஏ320 க்கு ஒரு தனிப் பயிற்சி, ஏ330 க்கு வேறு, ஒரே விமானத்தில் எஞ்சின் வகை மாறினாலும் வேறு. அந்த வகைப் பயிற்சியை நிறுவனம் செலவழித்துத் தந்தால் பெரும்பாலும் சில வருடம் கட்டிப்போடும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். அது நியாயம்தான் என்பேன். இரண்டு வருடத்தில் ஆறு மாதமாவது வேலையில் இல்லாவிட்டால் கையெழுத்து உரிமை தூங்கிவிடும். அனுமதிப்பத்திரத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆங்கிலம் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். கையேடு முழுவதும் ஆங்கிலம்தான். பேச்சு அழகு தேவையில்லை. "தேவைப்பட்டால் மாற்று" என்பதற்கும் "கட்டாயம் மாற்று" என்பதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் பட வேண்டும். நிறக்குருட்டுப் பரிசோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள், வயர் நிறம் பிரித்தறிய முடியாதவரை நிறுவனங்கள் எடுக்கத் தயங்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முன்கூட்டிய பாடம் இருக்கிறது: உப்பு. கடலிலிருந்து வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஜெட் எஞ்சினையும் அப்படித்தான் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். உப்பு என்ன செய்யும் என்பதை உலகம் பெரிதாகப் படித்தது 1988 ஏப்ரல் 28 இல், ஹவாயில். அலோஹா ஏர்லைன்ஸ் 243, தீவுக்குத் தீவு குறுந்தூரம் ஓடிய போயிங் 737. 89,680 தடவை ஏறி இறங்கிய உடம்பு. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்று ஊதி, பிறகு இறங்கி, தகடு களைத்துப்போயிருந்தது. கடல் காற்றில் தகடுகளின் ஒட்டுக்குள் துரு வேறு. 24,000 அடியில் கூரையின் ஒரு பெரிய துண்டு கழன்று பறந்தது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார், மற்ற 94 பேரும் தரைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய விமானங்களைத் துருவிப் பார்க்கிற முறையே மாறியது. பட்டறையில் பச்சை பூத்த பித்தளையையும் வெண்மாவு பூத்த அலுமினியத்தையும் பார்த்துப் பழகிய கண், ஹங்கரில் ஒரு சொத்து.

மட்டக்களப்பிலேயே வேலை கிடைக்குமா என்று பலரும் கேட்பார்கள். எங்கள் விமான நிலையம் 1958 இலேயே திறந்ததுதான். ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். செஸ்னா கரவன் போன்ற சின்ன விமானத்துக்குத் தாராளம், நிறைச் சுமையோடு ஏ320 எழும்பப் போதாது. அம்பாறைப் பக்கத்து உகன விமான நிலையமும் அதே கதைதான். சின்ன விமானம் வந்து போகும், அதைப் பராமரிக்கிறவர்கள் கொழும்புப் பக்கத்தில் இருப்பார்கள். ஆகவே கட்டுநாயக்க, இல்லாவிட்டால் இரத்மலானை என்று மனதைத் தயார்படுத்துங்கள். ஆனால் தொடக்கத்துக்கு ஊரை விட வேண்டியதில்லை. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலோ சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ இயந்திரவியல், மின்சாரம், வெல்டிங் என்று ஒன்றை முறையாகப் படித்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், 5 வருடம் 3 ஆகலாம். காசும் அவ்வளவு இல்லை. இதற்கிடையில் கணிதம், பௌதிகப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். உயர்தரம் செய்த பிள்ளைக்கு அந்த இரண்டும் பெரிய மலை இல்லை.

காணியை இப்போது ஈடு வைக்காதீர்கள் அண்ணன். அங்கீகாரக் கடிதமும், அனுபவம் தருகிற நிறுவனத்தின் எழுத்தும் இரண்டும் கைக்கு வந்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். முடிவு வரும்வரைக்கும் மகனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். சித்தப்பாவின் எஞ்சினைத் தொடும் ஒவ்வொரு முறையும் திகதி, என்ன கோளாறு, எதைக் கழற்றினான், புத்தகத்தில் எந்தப் பக்கம் பார்த்தான், எவ்வளவு இறுக்கினான் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போடட்டும். நட்டு மிஞ்சினால் அதையும் எழுதட்டும். ஒரு மாதம் எழுதியதும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துப் பதில் போடுகிறேன்.